பாஸ் கிட்டார் மக்கர் செய்தால்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிமுறை

பாஸ் கிட்டாரில் ஏதாவது கோளாறு என்றால் நம் ஆட்கள் முதலில் தேடுவது ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) சாவியைத்தான். யாராவது ஒரு அண்ணன், "நெக் வளைஞ்சிருக்குடா, ரெண்டு சுத்து சுத்து" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். கடலூரிலும் புதுச்சேரியிலும் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை நெக்கில் இல்லை என்பது என் அனுபவம். உப்புக் காற்றில் கறுத்துப்போன ஜாக், செத்துப்போன கம்பி, எர்த் இல்லாத பிளக் பாயின்ட், இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகு நெக்கைச் சந்தேகப்பட்டால் போதும்.

எதையும் திருகுவதற்கு முன்னால் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு, கிட்டாரின் மேல் கொம்பில் காதை வைத்து வாசியுங்கள். அந்தக் கோளாறு அப்போதும் கேட்டால் அது கம்பி, ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), நெக் சம்பந்தப்பட்டது. கேட்காவிட்டால் மின்சாரப் பக்கம். மின்சாரப் பக்கம் என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்புறம் அதே ஆம்ப்பில் வேறு கிட்டார். அப்புறம் அதே கிட்டார் வேறு ஆம்ப்பில், முடிந்தால் வேறு வீட்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். ஞாயிற்றுக்கிழமை பூசையின் நடுவில் அது திரும்பி வரும்.

சத்தமே இல்லை, அல்லது விட்டு விட்டு வருகிறது

உங்களுடையது ஆக்டிவ் பாஸ், அதாவது உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது என்றால் முதல் சந்தேகம் 9 வோல்ட் பேட்டரி. ஆக்டிவ் பாஸில் தனியாக ஸ்விட்ச் கிடையாது. கேபிளை ஜாக்கில் செருகியதுமே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்காமல் சுவரில் சாய்த்து வைத்தால் அது இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி தீரும்போது திடீரென்று நிற்காது. முதலில் சத்தம் குறையும், பலமாக அடிக்கும் இடங்களில் மட்டும் கிழிந்த மாதிரி கேட்கும், பிறகுதான் நிற்கும். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள்: புது அல்கலைன் பேட்டரி 9 வோல்ட்டைத் தாண்டிக் காட்டும்; 7-க்குக் கீழே இறங்கிவிட்டால் கச்சேரிக்கு நம்ப வேண்டாம். வாசிக்காத மாதங்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஈரக் காற்றில் மலிவான பேட்டரி கசிந்தால் அதன் கிளிப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, கேபிளை ஆட்டினால் சத்தம் வந்து போகிறது என்றால் கேபிளும் ஜாக்கும்தான். ஜாக்கின் வெளி நட் லூசாகிவிட்டால், ஒவ்வொரு முறை செருகும்போதும் ஜாக் உள்ளே சேர்ந்து சுழலும். பற்றவைத்த ஒயர் முறுக்கி முறுக்கி ஒருநாள் விட்டுப்போகும். வெளியே நட்டை மட்டும் இறுக்கினால் ஜாக் இன்னும் சுழலத்தான் செய்யும். தட்டைக் கழற்றி, உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பிளக் தொடுகிற உலோக நாக்கு கறுத்திருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்கு எதிரே வீடு இருந்தால் இதை வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டியிருக்கும்.

வால்யூமைத் திருகினால் கரகர

குமிழுக்கு அடியில் சுழலும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்துக்குள் தூசியும் ஆக்ஸைடும் சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள். கதவுக் கீலுக்கும் துருப்பிடித்த போல்ட்டுக்கும் அடிக்கிற சாதாரண ஸ்பிரே வேண்டாம். அது விட்டுப்போகிற எண்ணெய்ப் படலம் இன்னும் தூசியைப் பிடித்துவைக்கும். பின்தட்டைத் திறந்து, பாட்டின் கால்களுக்குப் பக்கத்தில் உள்ள சிறு திறப்பில் ஒரு சொட்டு அளவு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நிமிடம் திருகுங்கள். அப்படியும் கரகரப்பு போகாவிட்டால் பாட்டை மாற்ற வேண்டியதுதான். பழைய பாட்டின் மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே மதிப்பில் வாங்குங்கள்: சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உள்ள பாஸ்களில் பெரும்பாலும் 250 கே (கிலோ ஓம்), ஆக்டிவ் பிக்கப்புகளில் 25 கே. இரண்டையும் மாற்றிப் போட்டால் டோன் குழம்பிவிடும்.

ம்ம்ம்ம் என்று ஓயாத இரைச்சல்

இதை விரலாலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஆனால் விரல் வைப்பதற்கு முன் ஆம்ப் மூன்று பின் பிளக்கில், வேலை செய்கிற எர்த்தோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குகிறதா? கிட்டாருக்குள் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. உங்கள் உடம்பு காற்றிலிருந்து வாங்குகிற மின் இரைச்சல் கம்பி வழியாக எர்த்துக்குப் போகிறது, அவ்வளவுதான். தொந்தரவாக இருந்தால் பிக்கப் குழிக்குள் செப்புத் தகடு டேப் ஒட்டி, அதை எர்த்தோடு இணைக்கலாம். கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை, கேபிள் பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்குகிறது என்றால் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் போகிற எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பிரிட்ஜ் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். அடியில் அழுத்தி வைத்த ஒயரின் நுனி பச்சைப் பூத்துக் கிடக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப அழுத்திவைத்தால் முடிந்தது. ஜாக்கையோ கம்பியையோ தொட்டதும் இரைச்சல் அதிகமாகிறது என்றால், யாரோ ஜாக்கில் இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்திருக்கலாம்.

எதைத் தொட்டாலும் மாற்றமில்லை, ஆனால் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தால் இரைச்சல் கூடிக் குறைகிறது. இது சிங்கிள் காயிலின் பிறவிக் குணம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் காயில் பிடிக்கிறது. ஜாஸ் பாஸ் வகையில் இரண்டு வால்யூமையும் ஒரே அளவில் வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று தின்றுவிடும். ஒன்றை மட்டும் குறைத்தால் திரும்ப வரும். ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி டிம்மர், மலிவான இன்வெர்ட்டர் இவற்றிலிருந்து வருவது ஜ்ஜ்ஜ் என்று கூர்மையாக இருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் கிட்டாரில் கை வைக்காதீர்கள்.

புதுச்சேரிக்கே உரிய ஒன்று உண்டு. பிரான்சில் இருக்கிற சித்தப்பாவோ மாமாவோ ஊருக்கு வரும்போது ஆம்ப் கொண்டுவந்து கொடுப்பார். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் இங்கே அப்படியே ஓடும். பிளக்கிலும் இரண்டு உருண்டைப் பின்கள், நம் 5 ஆம்பியர் சாக்கெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் பிரெஞ்சு முறையில் எர்த் பின் சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளக்கில் அதற்கு ஓட்டை மட்டும்தான் இருக்கும். நம் சாக்கெட்டில் அந்த நீட்டல் கிடையாது. ஆகவே எர்த்தே இல்லாமல் ஆம்ப் ஓடுகிறது. முதலில் இரைச்சல், அப்புறம் கம்பியைத் தொட்டால் லேசான கூச்சம். கழற்றக்கூடிய பவர் கார்டு என்றால் நம் மூன்று பின் கார்டு ஒன்றை மாற்றிப் போடுங்கள். கார்டு ஆம்ப்போடு சேர்ந்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பிளக்கை மாற்றுங்கள். எர்த் இல்லாத டிராவல் அடாப்டர் இதற்கு மருந்தாகாது.

மைக்கில் உதடு பட்டால் ஷாக்

இதற்கு மட்டும் தனித் தலைப்பு, ஏனென்றால் இது சத்தப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. 1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் மேடையில் இருந்த கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். அந்த வாய்ப்பு நம் திருவிழாப் பந்தலில் இன்னும் அதிகம். மைக் செட் ஒரு லைனில், உங்கள் ஆம்ப் இன்னொரு லைனில், ஜெனரேட்டருக்கு எர்த் அடித்தார்களா என்பது யாருக்கும் தெரியாது, போதாக்குறைக்குக் கால் ஈர மணலில்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறுமுனையைக் கிட்டார் கம்பியிலும் வையுங்கள். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். எர்த் இல்லாத கருவிகளில் நூறு வோல்ட்டை ஒட்டிக்கூடக் காட்டும். ஊசி குத்துவதுபோல் மட்டும் இருக்கிறது என்று அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அது கசிவு மின்சாரமா, உள்ளே லைன் ஒயரே பாடியில் படுகிறதா என்பது தொட்டுப் பார்ப்பவருக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மைக் செட்காரரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். பாட்டு பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

இரைச்சல் போவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைச் செய்கிறவரின் மேடையில் நான் ஏறமாட்டேன். கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் விலக்கும். ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் இடையே வரும் இரைச்சலுக்கு அதுதான் வழி.

ஃப்ரெட்டில் ஜிர்ரென்று அடிக்கிறது

ஆம்ப்பில் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆம்ப் இல்லாமல் லேசாக ஜிர்ரென்று கேட்டு, ஆம்ப்பில் காணாமல் போனால் விட்டுவிடலாம். பாஸ் கம்பி அகலமாக ஆடும். கொஞ்சம் உரசத்தான் செய்யும். கழுத்துப் பட்டை பட்டன், ட்யூனர் நட், பிக்கப் ஸ்பிரிங் இவை லூசாக இருந்தாலும் அதே சத்தம் வரும். ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு வாசித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளே என்றால் பீரோக் கதவையும் ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்துப் பாருங்கள். நாலு கம்பி பாஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதற்கு ஆடாத பீரோ தமிழ்நாட்டில் இல்லை.

நிஜமாகவே ஃப்ரெட் என்றால், எந்த இடத்தில் என்பதுதான் விடை. திறந்த கம்பியில் மட்டும் ஜிர், முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் சுத்தம்: நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் ஜிர்: நெக் தேவைக்கு மேல் நேராகிவிட்டது. 12-க்கு மேலே மட்டும் ஜிர்: சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் துண்டு) தாழ்வாக இருக்கலாம், அல்லது நெக் தேவைக்கு மேல் குழிந்திருக்கலாம். எல்லா இடத்திலும் ஜிர் என்றால் சேடிலை உயர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழுந்து நிற்கிறது. எழுத்து புடைக்காத பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வையுங்கள். நெக்கின் நடுப்பகுதியில் நீள விளிம்பு, 12-ஐத் தாண்டினால் குட்டை விளிம்பு. கார்டு ஊஞ்சலாடினால் நடு ஃப்ரெட்தான் உயரம். அதைத் தேய்ப்பது தெரிந்தவர் வேலை.

நெக்கை அளப்பது இப்படி. கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கிளிப்பாலோ இடது கையாலோ அழுத்துங்கள், வலது கையால் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 7, 8-ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது நல்ல விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், அது தாராளமாகப் போய் வந்தால் குழிவு அதிகம். இடைவெளியே இல்லை என்றால் நெக் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது.

குழிவு அதிகமென்றால் ட்ரஸ் ராட் நட்டைக் கடிகாரச் சுற்றில், குறைவென்றால் எதிர்ச்சுற்றில். ஒரு முறைக்குக் கால் சுற்று. சுருதியைத் திரும்பச் சேர்த்துவிட்டு அடுத்த நாள் அளந்து பாருங்கள், மரம் மெதுவாகத்தான் நகரும். சாவி அச்சாகப் பொருந்த வேண்டும்: அமெரிக்க மாடல்களில் இஞ்ச் அளவு, ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. ஏறக்குறைய நுழைகிற சாவியால் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கும். அதற்கப்புறம் செலவு கிட்டாரின் விலையை எட்டிப்பிடிக்கும். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கத்திரி வெயிலில் ஒரு மாதிரியும் ஐப்பசி மழையில் வேறு மாதிரியும் நெக் நடந்துகொள்ளும். எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் வளையும் என்பது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். உங்கள் கிட்டாரின் அளவை வருடத்தில் இரண்டு முறை எடுத்து, பெட்டியின் மூடியில் ஒரு தாளில் குறித்து ஒட்டிவையுங்கள். இரண்டு வருடத்தில் அதன் சுபாவம் தெரிந்துவிடும்.

திறந்த கம்பி சுருதியில், மேலே போனால் சுருதி விலகல்

கம்பி பழையதென்றால் முதலில் அதை மாற்றுங்கள். அழுக்கும் துருவும் ஏறிய கம்பியின் எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. எந்தச் சேடிலாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ட்யூனர் முள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால் கம்பி செத்துவிட்டது என்று பொருள்.

புதுக் கம்பி போட்டபின், 12-ஆம் ஃப்ரெட்டின் மேல், அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்தியும் ட்யூனரில் பாருங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திறந்த கம்பியைத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். நெக், சேடில் உயரம் இரண்டையும் முடித்துவிட்டுத்தான் இது.

கம்பி மாட்டும்போது ட்யூனருக்கு அருகே செங்கோணமாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்றிய சுற்று நழுவி, புதுக் கம்பியே பழசுபோல் மொத்தென்று ஒலிக்கும்.

கம்பி எத்தனை நாள் வரும் என்பது காற்றையும் உங்கள் வியர்வையையும் பொறுத்தது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறினால் மாற்றுங்கள். ராஜா சார் பாட்டுகளின் பாஸ் வரிகளை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பளபளக்கும் புதுக் கம்பியைவிடக் கொஞ்சம் மங்கிய கம்பி அதற்கு நன்றாக உட்காரும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபிளாட்வுண்ட் (மேல்சுற்று தட்டையாக, வழுவழுப்பாக உள்ள) கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். மங்கல் வேறு, துரு வேறு. துரு ஃப்ரெட்டை அறுக்கும்.

ஒரு சுரம் மட்டும் சாகிறது, ஒரு சுரம் மட்டும் குமுறுகிறது

ஜி கம்பியில் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட் பக்கம் ஒரு சுரம் நீளாமல் சட்டென்று அடங்கினால், அது டெட் ஸ்பாட். நெக்கின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய், கம்பியின் சக்தியை மரம் குடித்துவிடுகிறது. நெக்கைத் திருகால் உடலோடு பொருத்திய பாஸ்களில், விலை கூடியவற்றிலும் இது சகஜம். சோதிக்க, தலைப்பகுதியில் துணி சுற்றிச் சிறிய கிளாம்ப் ஒன்றை மாட்டி வாசித்துப் பாருங்கள். செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் அதுவேதான். அதே சுரத்தை டி கம்பியில் மேலே வாசித்துக்கொள்வது என் தீர்வு. சேடிலையும் ட்ரஸ் ராடையும் திருகிப் பயனில்லை.

குமுறல் வேறு கதை. பத்தடிக்குப் பத்தடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நின்று அதிரும் மிகத் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55. அதனால்தான் நம் வீட்டு அறைகளில் திறந்த ஏ மட்டும் இடிபோல் கேட்கிறது. பன்னிரண்டு அடி அறையில் அது எஃப் ஷார்ப், ஜி பக்கம் இறங்கிவிடும். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆம்ப்பை மூலையிலிருந்து இழுத்து, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அறையின் நடுவிலும் சுவர் ஓரத்திலும் நின்று கேளுங்கள், வித்தியாசம் தெரியும். ஹெட்ஃபோனில் குமுறல் இல்லை என்றால் கிட்டார் நிரபராதி.

மழைத் தண்ணீரில் நனைந்துவிட்டது

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கரை பார்த்துவிட்டது. நனைந்த கிட்டாரை ஆம்ப்பில் போட்டுப் பார்க்காதீர்கள். பேட்டரியை எடுங்கள், பின்தட்டைத் திறங்கள், கம்பிகளைத் தளர்த்துங்கள். வெள்ளநீர் பட்ட ஜாக்கையும் பாட்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். நிழலில், ஃபேன் காற்றில் நாட்கணக்கில் காயவிட வேண்டும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். பெட்டியின் உள் பஞ்சு ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்துவைத்திருக்கும், அதற்குள் திரும்ப வைக்காதீர்கள். நனைந்த ஆம்ப்பை டெக்னீஷியன் திறந்து பார்க்கும்வரை பிளக்கில் செருகக் கூடாது.

ஆம்ப் பொருமுகிறது

சின்ன பிராக்டிஸ் ஆம்ப்பில் ஈ கம்பியை அடித்தால் புர்ரென்று காற்றடிப்பது, ஸ்பீக்கர் கிழிந்ததால் என்று நினைப்பார்கள். எட்டு அங்குல ஸ்பீக்கரிலிருந்து 41 ஹெர்ட்ஸ் உருப்படியாக வராது. நம் காதில் விழுவது அதன் இரட்டிப்பு 82, மும்மடங்கு 123 ஹெர்ட்ஸ்தான். பாஸ் குமிழை ஏற்றினால் கோன் வீணாக ஆடும், சத்தம் கூடாது. பாஸ் குமிழைக் குறைத்து, லோ மிட் (நடுத்தரத்துக்குச் சற்றுத் தாழ்ந்த ஒலி) குமிழை ஏற்றுங்கள். குறைந்த வால்யூமிலும் உரசல் கேட்டால், கோனை இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசினால் காயில் போய்விட்டது.

கிட்டார் ஆம்ப்பில் பாஸை வாசித்தால் குறைந்த வால்யூமில் பிழைக்கும், மேடை வால்யூமில் ஸ்பீக்கர் போகும். அப்படிப்பட்ட இடத்தில் டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆம்ப் சூடாகி அணைந்து அணைந்து வந்தால் கேபினெட்டுகளின் ஓம் கணக்கைப் பாருங்கள்: 8 ஓம் கேபினெட் இரண்டைச் சேர்த்து மாட்டினால் 4 ஓம். ஆம்ப்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 என்று இருந்தால் மூன்றாவது கேபினெட்டுக்கு இடமில்லை. ஆம்ப்பிலிருந்து கேபினெட்டுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும்; கிட்டார் கேபிளின் மெல்லிய உள்ஒயர் அந்த மின்னோட்டத்தில் சூடாகும். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் என்றால், செருகுவதற்கு முன் பின்பக்கத்தில் 115, 230 தேர்வு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால், ஆம்ப்பின் வாட்டைவிடத் தாராளமான ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதிலும் எர்த் பின் உள்ளிருந்து வெளிவரை தொடர்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.